பின்னால் வருபவன் பொறுப்பு

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மொத்தம் பதினெட்டு வண்டிகள். ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கணக்கு நோட்டு என் கைக்கு வந்துவிடும்: பேர், ஊர், எடுத்த நேரம், விட்ட நேரம். வல்லத்துக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்புவார்கள். திருக்கழுக்குன்றத்துக்கு எடுப்பவர்களுக்கு நாள் வாடகை. ஏழாம் நம்பர் வண்டிக்கு மட்டும் எப்போதும் போட்டி, அதன் மிதி அவ்வளவு லேசு. அந்தப் பதினெட்டில் ஒன்றுக்கும் கண்ணாடி கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "வண்டி திரும்பி வரும், கண்ணாடி வராதுடா" என்றார் அப்பா.

அவருடைய சொந்த வண்டிக்கு இருந்தது. அது ஹெர்குலிஸ். முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸை வெளியே விட்டது. வண்டி கடைக்கு வரும்போது கிட்டத்தட்ட மொட்டையாகத்தான் வரும். டைனமோ, சீட் கவர், கைப்பிடிக் குஞ்சம், சக்கர அச்சில் சுற்றும் கலர் பிரஷ், கண்ணாடி எல்லாம் தனியாக வாங்கி மாட்டவேண்டும். இதற்கு அப்பா வைத்திருந்த சொல் 'ஜோடிப்பது'. பெண்ணுக்குப் பூ வைத்து ஜோடிப்பது போல.

கண்ணாடி அந்த ஜோடனைச் சாமான்களில் ஒன்று, அவ்வளவுதான். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, முதுகில் பிளாஸ்டிக் ரோஜாவோடு, சமதளக் கண்ணாடி. மாப்பிள்ளைக்குச் சீராக வாங்கும் வண்டிக்கு இரண்டு பக்கமும் மாட்டச் சொல்வார்கள். அதில் சாலை தெரிகிறதா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. முகம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். சினிமாக் கொட்டகை வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான் வாலிபன். திரும்பிப் போகும்போது அதைச் சாலைப் பக்கம் மறுபடி திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது.

இதற்கு என்னிடம் இன்னும் வலுவான சாட்சி உண்டு. ஆயுத பூஜையன்று அப்பா தன் ஹெர்குலிஸைக் கழுவித் துடைத்து, கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பார். அந்தப் பொட்டு தானாக உதிரும்வரை, சில வருடம் கார்த்திகை தீபம் வரைக்கும்கூட, அங்கேயே இருக்கும். அதைத் துடைக்க வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சட்டமும் கண்ணாடியைக் கண்டுகொள்ளவில்லை. அப்போது சைக்கிளுக்கு நகராட்சி வரி உண்டு, பணம் கட்டினால் ஒரு பில்லை தருவார்கள். பில்லை இல்லாவிட்டால் பிடிப்பார்கள். இருட்டில் விளக்கில்லாமல் போனால் பிடிப்பார்கள். டபுள்ஸ் போனால் கட்டாயம் பிடிப்பார்கள். ராட்டினக்கிணறு பக்கம் போலீஸ்காரர் நிற்பது தெரிந்தால் கேரியரில் இருப்பவன் குதித்து இறங்கி, அவரைத் தாண்டும்வரை நடந்துவந்து மறுபடி ஏறிக்கொள்வான். கண்ணாடி எங்கே என்று எந்தப் போலீஸ்காரரும் கேட்டதில்லை.

அப்படியானால் பின்னால் வருவது எப்படித் தெரியும்? காதால் தெரியும். மாட்டுவண்டி சலங்கையோடு வரும், குதிரைவண்டி குளம்போடு வரும். பஸ் வளைவுக்கு முன்பே உறுமும். எந்தக் கம்பெனி பஸ் என்பதைக்கூட அப்பா இன்ஜின் சத்தத்தில் சொல்லிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலையில் எழுதாத ஒரு விதி இருந்தது. பின்னால் வருபவன்தான் குரல் கொடுக்க வேண்டும். முன்னால் போகிறவன் தன் பாட்டுக்குப் போவான். 'ஒலி எழுப்பவும்' என்று லாரியின் முதுகில் எழுதியிருப்பதும் இந்த விதியைத்தான். எனக்குப் பின்னால் நீ இருப்பதை நீயே சொல் என்கிறான் லாரிக்காரன். நம் ஊர் ஹாரன் சத்தத்தை வெளியூர்க்காரர்கள் அநாகரிகம் என்பார்கள். காது பிளக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வேலைப் பங்கீடு இருந்தது. கண்ணாடி அந்தப் பங்கீட்டை மாற்றுகிற பொருள். பின்னால் நடப்பதையும் நீயே பார்த்துக்கொள் என்று அது முன்னால் போகிறவனிடம் சொல்கிறது.

மோட்டார் உலகத்திலும் இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1909-ல் பெண்களுக்காக எழுதிய மோட்டார் புத்தகத்தில், ஒரு கைக்கண்ணாடியை வண்டியில் வைத்திருங்கள், அவ்வப்போது உயர்த்திப் பின்னால் பாருங்கள் என்று யோசனை சொன்னார். 1911-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினார்கள். பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துச் சொல்வது அந்த ஆளின் வேலைகளில் ஒன்று. ரே ஹாரூன் மட்டும் தனியாக வந்தார். ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபித்ததால் வண்டியில் ஒரு கண்ணாடியைப் பொருத்தினார், ஜெயித்தும் விட்டார். செங்கல் பாவிய தளத்தின் அதிர்ச்சியில் கண்ணாடியில் ஒன்றும் உருப்படியாகத் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு டபுள்ஸ் நினைவு வந்தது. அப்பா என்னைக் கேரியரில் வைத்துக் கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் மிதிக்கும்போது நான்தான் அவருடைய மெக்கானிக். "பின்னாடி லாரி வருதுப்பா" என்பேன். வண்டி மண்ணில் இறங்கும். போலீஸ்காரர் பிடித்த குற்றம் எங்களுக்குக் கண்ணாடியாக இருந்தது.

நான் பிற்பாடு திருக்கழுக்குன்றம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஆனேன். குவியாடி பாடம் வரும்போதெல்லாம் ஒரு சைக்கிள் கண்ணாடியையும் ஒரு மொபெட் கண்ணாடியையும் வகுப்புக்கு எடுத்துப்போவேன். டி.வி.எஸ். 50 வந்தது 1980-ல். அதன் பிறகுதான் எங்கள் பக்கத்துச் சிறு கடைகளில் குவிந்த கண்ணாடி சாதாரணமாகக் கிடைத்தது. அதை ஒரு பட்டைக் கிளிப் போட்டுச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கல்பாக்கம் வேலைக்குப் போய்வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983-ல் ஓடத் தொடங்கிய காலம் அது. சாலையில் லாரியும் ஜீப்பும் பெருகியிருந்தன.

மாணவர்களிடம் நான் போடச் சொல்லும் கணக்கை இங்கேயும் சொல்கிறேன், கண்ணாடி வாங்கப்போகிறவருக்கு உதவும். வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள குவியாடி உங்கள் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. 20 மீட்டர் பின்னால் வரும் பஸ் அதில் ஏறக்குறைய பாதி அளவில் தெரியும், அதாவது 40 மீட்டர் தள்ளி வருவது போல. நீங்கள் மணிக்கு 15 கி.மீ., பஸ் 60 கி.மீ. என்றால் இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் வினாடிக்கு 12.5 மீட்டர். மூன்று வினாடி இருக்கிறது என்று நினைப்பீர்கள், இருப்பது ஒன்றரை வினாடி. சமதளக் கண்ணாடி இந்தப் பொய்யைச் சொல்லாது. ஆனால் அது ஜன்னல் இடுக்கு மாதிரி. உங்கள் முழங்கையும் ஒரு கீற்றுச் சாலையும்தான் தெரியும். ஆகவே குவியாடியையே வாங்குங்கள், அது சொல்லும் தூரத்தைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபோதுதான் காதின் ஆட்சி முடிந்தது. அதற்கு முன் மாமல்லபுரம் போக எங்களுக்குத் திருக்கழுக்குன்றம் வழி, சென்னைக்காரர்களுக்குக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழி. கடலோரத்தில் குப்பத்துக்குக் குப்பம் சிறு சாலைகள்தான். அவை இணைக்கப்பட்டு, அகலப்படுத்தப்பட்டு, 2002-ல் சுங்கச் சாலையாயின. மணிக்கு 80, 100 கி.மீ. வேகத்தில் கார் வந்தால் அதன் ஹாரன் உங்கள் காதில் விழுந்து, நீங்கள் தலையைத் திருப்பி, கைப்பிடியை ஒடிப்பதற்குள் கார் பக்கத்தில் வந்துவிடும். போதாததற்குக் கடற்காற்று. கோவளத்திலிருந்து தெற்கே மிதித்துப் பாருங்கள், காதில் காற்றின் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்காது. இப்போது பேட்டரி ஸ்கூட்டரும் சேர்ந்துகொண்டது, அதற்குச் சத்தமே இல்லை.

அந்தச் சாலையில் கண்ணாடி யாரிடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கூட்டமாக மிதித்து வருகிறார்களே, அவர்களிடம். ஹெல்மெட்டில் ஒட்டியது, மூக்குக்கண்ணாடிக் காம்பில் செருகியது, கைப்பிடி முனைத் துவாரத்தில் அடைத்தது எனப் பல வகை. தலையில் மாட்டியது தலையோடு திரும்பும், லேசாகத் திருப்பினால் சாலை முழுக்கத் துழாவலாம், ஆனால் பழகச் சில நாள் ஆகும். கைப்பிடி முனையில் இருப்பது உறுதி, ஆனால் வண்டி ஒருமுறை விழுந்தால் முதலில் உடைவது அதுதான். நல்ல சாமான்கள். ஒரு சிக்கல், வெளிநாட்டில் செய்தவற்றில் சில, சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்காக இடது கைக்கு வடிவமைத்தவை. நம் ஊரில் வண்டி நம்மை முந்துவது வலது பக்கத்தில். இடது கைக் கண்ணாடி நமக்கு முள்வேலியைத்தான் காட்டும்.

தண்டு நீளமானதை வாங்காதீர்கள். நீளத் தண்டு பள்ளத்தில் ஆடும், ஹாரூனின் கதிதான் நமக்கும். திருவிழாக் கூட்டத்தில் யார் தோளிலாவது இடிக்கும். உலோக பிரேக் கம்பி கைப்பிடிக்கு அடியில் ஓடும் பழைய மாடல் வண்டியில் கிளிப் உட்கார இடமே இருக்காது. பெல் இருக்கும் இடத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டு, பெல்லை உள்ளே தள்ளுவது எங்கள் அப்பா கண்ட வழி.

இன்னொன்று, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835-ல் கண்ணாடிக்கு வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்தபின் பாதரசம் மெல்ல மெல்ல விடைபெற்றது. நாம் இன்றும் 'ரசம் போன கண்ணாடி' என்றுதான் சொல்கிறோம். எந்த ரசமானாலும் உப்புக்காற்று விடாது. விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி வரும், அது உள்நோக்கி ஊரும். செங்கல்பட்டில் அப்பாவின் கண்ணாடி அவர் கடையை மூடிய 1989 வரைக்கும் பளபளவென்று இருந்தது. மாமல்லபுரத்தில் நான் மாட்டியது இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. இரும்புத் தண்டும் திருகாணியும் அதற்கு முன்பே துருவேறி இறுகிவிட்டன. பிளாஸ்டிக் கண்ணாடி துருப்பிடிக்காது, ஆனால் மணல் காற்றில் கீறல் விழுந்து பனிமூட்டம் போல ஆகிவிடும். நான் இப்போது வைத்திருப்பது துருப்பிடிக்காத எஃகுத் தண்டும் விளிம்பு ரப்பரில் புதைந்த கண்ணாடியும்.

அரசு 2001-02-ல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு விரிந்து, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வண்டி பெற்றார்கள். என் மாணவிகள் அதில்தான் வந்தார்கள். வண்டியில் பெல் இருந்தது, முன்னால் கூடை இருந்தது. கண்ணாடி இல்லை. ஒரு குவியாடிக்கு ஆகும் செலவு கூடையைவிட அதிகம் இருக்காது என்பது என் எண்ணம். மோட்டார் சைக்கிள் வாங்கிய பையன்களோ, சட்டப்படி வண்டியோடு வந்த கண்ணாடியை முதல் வாரமே கழற்றிவிடுகிறார்கள், அழகு கெடுகிறதாம். அப்பா காலத்தில் கண்ணாடி மாட்டுவது ஸ்டைல், இப்போது கழற்றுவது ஸ்டைல். சாலையைப் பார்க்க அப்போதும் யாரும் மாட்டவில்லை.

உண்மையில் தேவைப்படுபவர்கள் வேறு. கேரியரில் பெரிய கூடையோ பெட்டியோ கட்டிய மீன்காரர்கள். அவர்களால் தலையைத் திருப்பினாலும் சாலையைப் பார்க்க முடியாது, கூடைதான் தெரியும். பலர் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு வருபவர் மாறவில்லை. விடிகாலையில் தேவனேரியில் மீன் எடுத்துக் கடற்கரைச் சாலையில் மிதித்து வருகிற மனிதர். போன வருடம் அவருக்கு ஒரு கண்ணாடி வாங்கி, நானே வலது கைப்பிடியில் மாட்டி, சாலை தெரியும்படி திருகி வைத்து, பஸ் கணக்கையும் சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. குனிந்து பார்த்தேன், அதில் கூடையின் ஓரமும் ஒரு வஞ்சிர வாலும் தெரிந்தன.

"இன்னாப்பா, ரோடு தெரியலையே?"

"காக்கா தூக்கிகினு போவுது சார். தெருவுல மெதுவா வரச்சொல்ல பின்னாடியே வருது. வண்டிக்காரன் வந்தா அவனே ஹாரன் அடிப்பான். காக்கா அடிக்குமா?"