அச்சம் ஊட்டப்பட்ட குழந்தை

குழந்தை பிறக்கும்போதே அச்சங்களைச் சுமந்து வருகிறதா, அல்லது நாம்தாம் அதன் உள்ளத்தில் அவற்றை விதைக்கிறோமா? இவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டதாக 1920-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க உளவியல் ஏடொன்றில் பதினான்கு பக்கக் கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் இருவர். ஒருவர் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பி. வாட்சன்; மற்றவர் அவருடைய மாணவியும் உதவியாளருமான ரோஸலி ரேனர். உளவியல் பயில்வோர் இன்றளவும் இக்கட்டுரையைப் பற்றிப் படிக்கின்றனர். ஆயினும் பாடநூல்கள் பல சொல்லும் கதை வேறு. கட்டுரை காட்டும் நிகழ்ச்சி வேறு. பிள்ளைகளை வளர்ப்போர் அறிய வேண்டியது அந்த நிகழ்ச்சியையே.

வாட்சன் 1878-இல் தென் கரோலினா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மனம், உணர்வு என்றெல்லாம் பேசுவது விஞ்ஞானமாகாது, கண்ணாற் காணத்தக்க நடத்தை ஒன்றே ஆய்வுக்குரியது என்று 1913-இல் முழங்கினார். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க உளவியலார் சங்கத்தின் தலைவருமானார். ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. உணவு தரும்போதெல்லாம் ஓர் ஒலியை எழுப்பி வந்தால், பிறகு அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்தில் நாயின் வாயில் எச்சில் ஊறுகிறது. நாயின் எச்சிலுக்கு நேர்ந்தது குழந்தையின் அச்சத்துக்கும் நேராதா என்பதே வாட்சனின் கேள்வி. திடீரென எழும் பேரொலி, பிடிமானம் நழுவி விழுதல் ஆகிய இரண்டுக்கு மட்டுமே குழந்தை இயல்பாக அஞ்சுகிறது, ஏனைய அச்சங்கள் யாவும் பின்னர் ஒட்டிக்கொண்டவை என்று அவர் கருதினார்.

இக்கருத்து நம் முன்னோர்க்கு முற்றிலும் புதியதன்று. இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தமது 'ஷிஃபா' என்னும் பெருநூலில் ஆன்மாவைப் பற்றி விளக்குமிடத்து, பிறந்த சிசு தாயின் மார்பைப் பற்றுவதும், விழப்போகும் குழந்தை எதையேனும் எட்டிப் பிடிப்பதும் இறைவன் இயல்பிலேயே அமைத்தவை என்கிறார். அடிபட்ட நாய் பின்னர் கம்பைக் கண்டாலே ஒடுங்குவது அனுபவத்தால் வந்தது என்று அதைத் தனியே பிரித்துக் காட்டுகிறார். ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ 'அல் முஸ்தஸ்ஃபா'வில், பாம்பு தீண்டியவன் பலநிறக் கயிற்றைக் கண்டு வெருண்டு விலகுவதை எடுத்துரைத்து, வேதனையோடு சேர்ந்து வந்த தோற்றத்தையே வேதனையாக உள்ளம் முந்திக்கொண்டு எண்ணிவிடுவதை விளக்குகிறார்கள். நம்மவர் முன்னரே சொல்லிவிட்டனர் என்று மார்தட்டுவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். வாட்சன் செய்து பார்த்தார். செய்து பார்ப்பதற்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது.

கட்டுரை அக்குழந்தையை 'ஆல்பர்ட் பி.' என்று அழைக்கிறது. அவன் தாய், பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஹாரியட் லேன் இல்லத்தில் நோயுற்ற பிள்ளைகளுக்குப் பாலூட்டும் செவிலியாக வேலை செய்தவள். அன்னை ஹலீமா (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்குச் செவிலித்தாய் என்னும் சொல்லின் மதிப்பு தெரியும். பிறர் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துப் பிழைத்த அப்பெண்ணின் பிள்ளைதான் சோதனை மேசைக்கு வந்தது. அவளிடம் ஒப்புதல் கேட்டதாகக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

ஆல்பர்ட் ஆரோக்கியமான பிள்ளை. ஒன்பது மாதத்தில் 21 பவுண்டு எடை. எளிதில் அழாதவன் என்பதற்காகவே அவனைத் தேர்ந்தனர். அத்தகைய பிள்ளைக்குப் பெரிதாகத் தீங்கு நேராது என்று கருதினராம். வெள்ளெலி, முயல், நாய், குரங்கு, முகமூடி, பஞ்சு, எரியும் செய்தித்தாள் ஆகியவற்றை அவன்முன் கொணர்ந்தனர். எதற்கும் அவன் அஞ்சவில்லை. நான்கு அடி நீளமும் முக்கால் அங்குலப் பருமனும் உள்ள எஃகுத் தண்டைத் தொங்கவிட்டு, அவன் தலைக்குப் பின்னால் சுத்தியலால் ஓங்கி அடித்தபோதுதான் அவன் நிலை குலைந்தது. முதல் அடிக்கு மூச்சு திணறிக் கைகளை உயர்த்தினான். இரண்டாம் அடிக்கு உதடுகள் துடித்தன. மூன்றாம் அடிக்கு வீறிட்டழுதான்.

பதினொரு மாதமும் மூன்று நாளும் ஆனபோது சோதனை தொடங்கிற்று. கூடையிலிருந்து வெள்ளெலியை எடுத்து விட்டனர். அவன் ஆசையோடு இடக்கையை நீட்டினான். விரல் எலியைத் தொட்ட கணத்தில் பின்னால் தண்டு முழங்கியது. துள்ளி முன்னே விழுந்து மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மறுபடியும் அவ்வாறே செய்தனர், விம்மத் தொடங்கினான். குழந்தையை அதிகம் கலக்கிவிடக் கூடாதென்று ஒரு வாரம் இடைவெளி விட்டனர். ஒரு வாரம் கழித்து மேலும் ஐந்து முறை. அதன்பின் ஓசையின்றி எலியை மட்டும் காட்டினர். அழுதுகொண்டே புரண்டெழுந்து, மேசையின் விளிம்பை எட்டுமுன் பிடிப்பதே அரிதாகும் வேகத்தில் அவன் தவழ்ந்தோடினான்.

ஐந்து நாள் சென்றபின் முயலைக் கண்டும் அழுதான். நாயையும் மென்மயிர் மேலங்கியையும் விட்டு விலகினான். வாட்சன் தம் நரைத்த தலையைக் குனிந்து காட்டியபோது தொட மறுத்தான். அங்கிருந்த வேறிருவர் தலைமயிரோடு உடனே விளையாடினான். கட்டுரையாளர் இதனை, எலியிடம் உண்டான அச்சம் அதனை ஒத்த பிறவற்றுக்கும் பரவியதற்குச் சான்றாகக் கொண்டனர். அவன் அஞ்சியது மயிரையா, வாட்சனையா என்று கேட்கத் தோன்றுகிறது.

மேலும் ஐந்து நாளில் அச்சம் தளரத் தொடங்கிற்று. அதனைப் 'புதுப்பிக்க' வேண்டி எலியோடு மட்டுமன்றி, முயலோடும் நாயோடும் சேர்த்து மீண்டும் தண்டை அடித்தனர். அதன்பின் அப்பிராணிகளிடம் அவன் காட்டிய அச்சம் தானே பரவியது என்று எப்படிச் சொல்ல முடியும்? பாடநூல்களில் பெரும்பாலும் இடம்பெறாத செய்தி இது.

அவற்றில் இடம்பெறாத இன்னொரு செய்தியும் உண்டு. மனம் கலங்கும்போதெல்லாம் ஆல்பர்ட் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொள்வான். விரல் வாய்க்குச் சென்றதும் அமைதியாகிவிடுவான். எது காட்டினாலும் அஞ்சமாட்டான். ஆகவே திரும்பத் திரும்ப அவன் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்ட பிறகே அச்சத்தைக் காண முடிந்தது என்று கட்டுரையாளரே பதிவு செய்கின்றனர். அச்சத்தைத் தணிக்க ஓராண்டு நிறையாத பிள்ளை தானே கண்டுகொண்ட மருந்து அது. அதையும் பிடுங்கித்தான் முடிபு காணப்பட்டது. இவ்வாய்வு முழுவதிலும் என் நெஞ்சை விட்டகலாத இடம் இதுவே.

இறுதிச் சோதனை பன்னிரண்டு மாதமும் இருபத்தொரு நாளும் ஆனபோது நடந்தது. எலி அவன் மார்பின்மேல் ஊர்ந்தபோது, முதலில் சிணுங்கினான். பிறகு இரு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டான். அன்றே தாய் அவனை அழைத்துச் சென்றுவிட்டதால், ஊட்டிய அச்சத்தை நீக்க வாய்ப்பில்லாது போயிற்று என்று கட்டுரை வருந்துகிறது. ஆனால் அவன் செல்லவிருக்கும் நாள் ஒரு மாதத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும் என்பதை, கட்டுரையை நுணுகி ஆய்ந்த பென் ஹாரிஸ் என்பார் 1979-இல் எடுத்துக்காட்டினார். இத்தகைய அச்சங்கள் நெடுங்காலம் நிலைக்கக்கூடும் என்று எழுதியவர்கள் அவர்கள். இருபதாண்டு கழித்து அவன் மென்மயிர் மேலங்கிக்கு அஞ்சி ஃப்ராய்டின் வழிவந்த மருத்துவரிடம் சென்றால், அவர் என்னென்ன கனவுகளைத் தோண்டுவாரோ என்று அதே கட்டுரையில் கேலியும் செய்கின்றனர். எப்படியும் வீட்டிற்குச் சென்றால் இவ்வகை அச்சங்கள் வரத்தான் போகின்றன என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட ஆறுதல். பிள்ளைகளை அமானிதம் என்று கருதும் உள்ளம் அந்த ஆறுதலை ஏற்காது.

அதே 1920-இல், ரேனருடன் கொண்ட உறவின் காரணமாக வாட்சன் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. ரேனரை மணந்து ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஊட்டிய அச்சத்தை எடுக்க இயலும் என்று காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி. முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு அப்போது இரண்டு வயதும் பத்து மாதமும். அவன் விரும்பியதை உண்ணும் வேளையில், கூண்டிலிட்ட முயலை அவன் கலங்காத தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முயல் தன் விரலைக் கொறிக்க விடும் அளவுக்குப் பீட்டர் தேறினான். 1924-இல் வெளியான இவ்வாய்வுக்கு ஆலோசனை தந்தவரும் வாட்சனே. அச்சங்களைப் போக்க உளமருத்துவர்கள் இன்று கையாளும் முறைகளுக்கு இது முன்னோடி. ஆல்பர்ட்டுக்கு அந்த உணவுத் தட்டு கிட்டவில்லை.

1928-இல் வாட்சன் தம்பதியர் குழந்தை வளர்ப்புப் பற்றி ஒரு நூல் எழுதினர். பிள்ளைகளை அணைக்காதீர், முத்தமிடாதீர், காலையில் கைகுலுக்குங்கள் என்பது அதன் அறிவுரை. பத்துப் பிள்ளைகளில் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்ற அக்ரஉ இப்னு ஹாபிஸுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த மறுமொழி நம் இல்லங்களில் தெரியாததன்று. வாட்சனும் 1936-இல் எழுதிய தன்வரலாற்றில், போதிய அறிவின்றி எழுதியதாகக் கூறி அந்நூலுக்காக வருந்தினார். ஆனால் அதற்குள் எத்தனையோ தாய்மார் அதனை வாங்கிப் படித்துவிட்டனர்.

ஆல்பர்ட்டின் கதையோ பாடநூல்களில் வளர்ந்துகொண்டே போயிற்று. தாயின் மேலங்கிக்கும் கரடிப் பொம்மைக்கும் அஞ்சினான் என்று சில நூல்கள் சேர்த்தன. கடைசியில் அவன் அச்சம் நீக்கப்பட்டது என்றே சில எழுதின. மனச்சான்றுக்கு இதமான முடிவு. ஆனால் நடவாத முடிவு.

அவன் யார் என்ற தேடல் பின்னாளில் எழுந்தது. அவ்வில்லத்தில் பாலூட்டிய ஒரு தாயின் மகனை 2009-இல் சிலர் சுட்டினர். மூளையில் நீர் கோத்து 1925-இல் ஆறு வயதில் இறந்த பிள்ளை அது. அங்கேயே பாலூட்டிய மற்றொருத்தியின் மகனை 2014-இல் வேறு சிலர் சுட்டினர். ஆல்பர்ட் என்ற பெயரும் உடல் எடையும் அவருக்கே நன்கு பொருந்துகின்றன. நாய்களை அவருக்குப் பிடிக்காது என்று உறவினர் கூறினர். அதற்குக் காரணம் எஃகுத் தண்டின் ஓசைதான் என்று யாரும் துணிந்து சொல்லவில்லை. அவர் நீண்ட காலம் வாழ்ந்து, அவ்வாய்வு வெளிவருவதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2007-இல் காலமானார். வாட்சன் எடுத்த படச்சுருளில் அக்குழந்தை இன்றும் வெள்ளெலியை நோக்கிக் கையை நீட்டுகிறது.