மாதம் 25 டாலர்

இணையத்தில் பாடம் பார்க்கக் காசு கொடுப்பீர்களா? கொஞ்சம் யோசிப்பீர்கள். 2002-ல் அமெரிக்கர்களும் யோசித்தார்கள்.

கலிஃபோர்னியாவில் ஓஹாய் என்றொரு சின்ன ஊர். லிண்டா வைன்மனும் கணவர் புரூஸ் ஹெவினும் அங்கே வெப் டிசைன் கற்றுக்கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து படித்தார்கள். திடீரென்று டாட்காம் குமிழி உடைந்தது. 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. பயணம் என்றாலே ஜனங்களுக்குப் பயம். வகுப்பறை காற்று வாங்கியது.

இழுத்து மூடவேண்டியதுதானா? லிண்டா பாடங்களை வீடியோவாக இணையத்தில் ஏற்றினார். யூடியூப் பிறக்க இன்னும் 3 வருஷம் இருந்தது. சந்தா மாதம் 25 டாலர். எந்தப் பாடத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

சூட்சுமமே இங்கேதான். பாடத்துக்குப் பாடம் காசு கேட்டால், ஒவ்வொரு முறையும் மனசு 'வேணுமா, வேணாமா' என்று பேரம் பேசும். சந்தா என்றால் அந்தப் பேரம் மாசத்துக்கு ஒரே தடவை!

பிறகு யூடியூபில் இலவசப் பாடங்கள் குவிந்தன. லிண்டா கடை படுத்துவிட்டதா? இல்லை. 2015-ல் லிங்க்டுஇன் அதைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கியது.

இலவசக் குவியலில் தேடித் தேடி நேரம் போகிறதே, அந்த நேரத்துக்கு விலை உண்டு சார். ஜனங்கள் கொடுத்தது அதற்குத்தான்.