ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு 2 ஸ்டார்தானா... ஒதுக்கலாமா, எடுக்கலாமா?

போனில் நாலு ஹெல்த் இன்ஷூரன்ஸ் ப்ளான்களை வரிசையாக வைத்து ஒப்பிடுகிறீர்கள். ஒன்றில் பிரீமியம் ஓகே, பக்கத்து ஆஸ்பத்திரியும் லிஸ்ட்டில் இருக்கிறது. ஆனால், வெறும் 2 ஸ்டார்! உடனே தள்ளிவிடாதீங்க. அந்த ஸ்டார் யார் கொடுத்தது, எதுக்குக் கொடுத்ததுன்னு முதல்ல பாருங்க.

எந்த ஸ்டார் இது?

இவை ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொடுப்பவை அல்ல. ப்ளே ஸ்டோரில் இருப்பது ஆப்புக்கான ஸ்டார். கூகுள் மேப்பில் இருப்பது அந்தக் கிளை அலுவலகத்துக்கானது. ஒப்பீட்டுத் தளங்களில் இருப்பது பெரும்பாலும் அவர்களே போடும் கணக்கு. பாலிசி விற்றால் அவர்களுக்கு வருமானமும் உண்டு. இன்னொரு விஷயம், க்ளெய்ம் சுமுகமாக முடிந்தவர் ரிவ்யூ எழுத மெனக்கெட மாட்டார். கோபத்தில் இருப்பவர்தான் எழுதுவார்.

1 ஸ்டார் ரிவ்யூவைப் பிரிச்சுப் படிங்க

* 'ஓ.டி.பி வரலை, ஆப் ஓப்பன் ஆகலை': எரிச்சல்தான். ஆனால், ப்ளானின் தரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

* 'க்ளெய்மை மறுத்துட்டாங்க': பாலிசி எடுத்து எத்தனை நாளில் என்று பாருங்கள். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள்கள் பொதுவாக கவரேஜ் இருக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

* 'பாதிப் பணம்தான் வந்தது': ரூம் வாடகை வரம்பு காரணமாக இருக்கலாம். உங்கள் வரம்பு 5,000 ரூபாய், நீங்கள் எடுத்த ரூம் 10,000 ரூபாய் என்றால், டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் கிடைக்கும். இந்த வரம்பு இல்லாத ப்ளானாகத் தேடுங்கள்.

* 'டிஸ்சார்ஜ் அன்னைக்கு நாள் முழுக்கக் காத்திருந்தோம்': இதுதான் உஷாராக வேண்டிய இடம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024-ல் வந்த விதி. சமீபத்திய ரிவ்யூக்களில் இதே புகார் திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஸ்டார் உண்மையைத்தான் சொல்கிறது.

ஸ்டாரைவிட நம்பகமான எண்கள்

க்ளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ எத்தனை க்ளெய்ம்கள் தீர்ந்தன என்று மட்டுமே சொல்லும். 2 லட்சம் கேட்டவருக்கு 80,000 கொடுத்தாலும், அது 'தீர்ந்த க்ளெய்ம்'தான்! அதனால், வசூலித்த பிரீமியத்தில் எவ்வளவு க்ளெய்முக்குப் போனது என்று காட்டும் 'இன்கர்டு க்ளெய்ம்ஸ் ரேஷியோ'வையும் சேர்த்துப் பாருங்கள். இது ஐ.ஆர்.டி.ஏ.ஐ ஆண்டறிக்கையில் இருக்கும். ரொம்பக் குறைவாக இருந்தால் யோசியுங்கள். தொடர்ந்து 100 சதவிகிதத்தைத் தாண்டினால், பிரீமியம் உயர வாய்ப்பு உண்டு.

அடுத்து, நிறுவனத்தின் இணையதளத்தில் 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்' பகுதிக்குப் போங்கள். 10,000 பாலிசிகளுக்கு எத்தனை புகார்கள் என்ற கணக்கு அங்கே இருக்கும். பெரிய கம்பெனிக்குப் புகார் அதிகம் வருவது இயல்பு என்பதால், ஒப்பிட இந்த எண்தான் சரி.

வாங்கிய பிறகும் வழி இருக்கு

பாலிசி கைக்கு வந்ததும் காத்திருப்புக் காலம், ரூம் வாடகை, கோ-பே மூன்றையும் படித்துவிடுங்கள். பிடிக்கவில்லையா? 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக, மீதிப் பணம் திரும்ப வரும். பின்னாளில் க்ளெய்மில் சிக்கல் வந்தால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாள்களில் தீரவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.