கடலோர ஊருக்குக் கழலை வராதா?



"நாம கடற்கரை ஆக்கள், மீன் தின்னுறோம், நமக்கென்னத்துக்கு அயடீன் உப்பு?" நம்மூரில் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். இதற்குப் பதில் களுத்துறையில் இருக்கிறது.

களுத்துறையும் கடலோர மாவட்டம்தான். 1980களின் நடுப்பகுதியில் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தார்கள். மொத்தத்தில் 18.8 வீதமான பிள்ளைகளுக்குக் கழலை இருந்தது. ஆகக்கூடுதலாக இருந்தது களுத்துறையில், நூற்றுக்கு 30 பேருக்கு! தென்மேற்கு ஈரவலயத்தில் கொட்டுகிற மழை மண்ணின் அயடீனைக் கழுவிக்கொண்டு போவதையே முக்கிய காரணமாகச் சொல்வார்கள். மண்ணில் இல்லாதது அங்கே விளையும் நெல்லுக்கும் கீரைக்கும் எங்கிருந்து வரும்? பக்கத்தில் கடல் இருந்தும் பயனில்லை.

கடல் உப்பில் அயடீன் தானாக இருக்கும் என்பதும் பிழை. கடல்நீரிலேயே அது மிகச் சொற்பம், உப்பளத்து உப்பில் இருப்பது போதவே போதாது. மீனில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தினமும் கடல்மீன் வாங்குகிற விலையா இப்போது?

கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். அயடீன் போதாமல் தைரொயிட் சுரப்பி வீங்குகிறது. கர்ப்பிணித் தாய்க்குக் கடுமையாகக் குறைந்தால் கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம், பிறக்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றலாம், காது கேளாமல் போகலாம். அந்த மூளைப் பாதிப்பைப் பிறகு சரிசெய்ய முடியாது. இத்தனைக்கும் தேவை பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஊசிமுனை அளவு.

சுவிற்சர்லாந்து 1922இலேயே உப்பில் அயடீன் கலந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1924. இந்தியாவில் 1956 முதல் டொக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் மற்றப் பகுதிகளுக்கு அயடீன் உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயடீன் உப்புப் போன இடங்களில் கழலை குறைந்தது. நம் நாட்டில் எல்லா உப்பிலும் கலக்க வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995இல்தான். எழுபது வருடம் பிந்தியிருக்கிறோம். 2010 ஆய்வில் பிள்ளைகளிடையே கழலை 4.4 வீதமாக இறங்கியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அயடீனை நாம் குசினியில் கொட்டிவிடுகிறோம். கல்லுப்பைக் கழுவிப் போட்டால் அது தண்ணியோடு போய்விடும். திறந்த சட்டியில் அடுப்படியில் வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் குறையும். மூடி இறுக்கமான போத்தலில் போட்டு, அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் இன்னும் நல்லது.