தேறிய உடம்பு: மனச்சோர்வு மருந்துகளும் எடையும்

நோயிலிருந்து எழுந்தவரைப் பார்த்து 'உடம்பு தேறிவிட்டது' என்கிறோம். குணமாகிவிட்டார் என்பதும், சற்றே சதை பிடித்திருக்கிறார் என்பதும் இந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கிவிடுகின்றன. துக்கம் நேர்ந்த வீட்டில் போய்ச் சொல்லும் வார்த்தைக்கும் தேறுதல் என்றுதான் பெயர். உடலையும் மனத்தையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்த சொல் இது. மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றைப் படிக்கையில், தமிழ் ஒரு சொல்லும் அறியாத மேலைநாட்டு மருத்துவர்களும் ஏறக்குறைய இதே முடிச்சோடுதான் பல பத்தாண்டுகள் தம் நோயாளிகளைப் பார்த்துவந்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. எடை கூடினால், தேறுகிறார் என்று குறித்துக்கொண்டார்கள். நோயாளி சொன்னது வேறாக இருந்தது.

இக்கதையின் தொடக்கம் ஒரு காசநோய் மருத்துவமனையில். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ மருத்துவமனையில் 1952ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு புதிய மருந்துகள் சோதிக்கப்பட்டன: ஐசோநியாஸிட், இப்ரோநியாஸிட். இரண்டுக்கும் வேர் ஹைட்ரஸீன் என்ற ரசாயனம். உலகப்போரில் ஜெர்மானியர் ராக்கெட் எரிபொருளுக்குப் பயன்படுத்தியது அது. போர் முடிந்தபின் அதன் கையிருப்பு மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனம் தயாரித்த இம்மருந்துகளை எட்வர்ட் ராபிட்ஸெக், இர்விங் செலிகாஃப் என்ற இரு மருத்துவர்கள் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிலோடு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சோற்றைக் கண்டாலே முகம் திருப்பியவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்கள். எடை ஏறியது. வார்டில் நோயாளிகள் நடனமாடும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வெளியாகி உலகப் புகழ் பெற்றன.

காசநோய்க்கு எலும்புருக்கி என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். ஆங்கிலத்திலும் அந்நோய்க்கு இருந்த பழைய பெயர், உடலைத் தின்று தீர்ப்பது என்ற பொருளுடையதே. அந்த நோயின் உலகில் தராசு முள் வலப்பக்கம் நகர்வதைவிட நல்ல சேதி வேறு இல்லை. எனவே இப்ரோநியாஸிட் தந்த பசியையும் எடையையும் உற்சாகத்தையும் மருத்துவர்கள் ஒரே மூட்டையாகக் கட்டி, நலத்தின் அறிகுறி என்று எழுதிவைத்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்த ஒரு சோதனை விரைவிலேயே நடந்தது. அதுவும் நம் சென்னையில். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் (பின்னாளில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று அறியப்பட்டது இதுவே) நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வு, காற்றோட்டம், நல்ல உணவு. மறு பிரிவினர் தம் நெரிசலான வீடுகளிலேயே இருந்தார்கள், கிடைத்ததை உண்டார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டு கொடுக்கப்பட்ட மருந்துகள் ஒன்றே; அவற்றில் முதன்மையானது இப்ரோநியாஸிட்டின் உடன்பிறப்பான ஐசோநியாஸிட். 1959இல் முடிவுகள் வெளியாயின. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கணிசமாகக் கூடியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. கிருமி நீங்கியதிலோ இரு பிரிவினருக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. எடை ஒரு வழியிலும் குணம் இன்னொரு வழியிலும் போகலாம் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய சோதனைகள் குறைவு. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இப்படியொரு கேள்வியை மனநல மருத்துவம் தன்னிடம் கேட்டுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது.

இப்ரோநியாஸிட் மனநலத்துறைக்குள் நுழைந்ததில் இன்னொரு இந்தியத் தொடர்பும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் அரசு மருத்துவமனையில் ஆய்வு செய்த நாதன் க்ளைன், அதற்கு முன் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்ப்பினால் பெயர் பெற்றவர். ரெசர்ப்பின் கொடுத்த விலங்குகள் சோர்ந்து சுருண்டுகொள்ளும். முன்னதாக இப்ரோநியாஸிட் கொடுத்திருந்தால் சுருள்வதில்லை, மாறாகச் சுறுசுறுப்பாகின்றன என்று தெரிந்ததும் அவர் அதை மனிதரிடம் சோதித்தார். 1957இல் முடிவுகளை அறிவித்தார். மார்ஸிலிட் என்ற பெயரில் காசநோய்க்காக விற்கப்பட்டுவந்த மாத்திரை, ஓராண்டுக்குள் மனச்சோர்வுற்ற பெருந்திரளான மக்களின் கைக்கு வந்தது. ஈரலைத் தாக்கியதால் 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

அதே 1957இல் ஸ்விட்சர்லாந்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரை ஊரான மூன்ஸ்டர்லிங்கனில், ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் கெய்கி நிறுவனத்தின் இமிப்ரமினைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். அவ்வாண்டு ஸூரிக்கில் கூடிய உலக மனநல மருத்துவ மாநாட்டில் அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் ஒரு டஜன் பேர்தாம் என்பார்கள். பெரும் கண்டுபிடிப்புகளுக்கு இப்படி ஒரு காலி அரங்கம் எப்படியோ வாய்த்துவிடுகிறது.

எடையின் கதைக்கு இமிப்ரமினின் பூர்வீகம் முக்கியம். ஒவ்வாமைக்கான, அதாவது ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளைத் தேடிய வேதியியல் வழியில் பிறந்தது அது. 1961இல் அமெரிக்காவில் எலவில் என்ற பெயரோடு வந்த அமிட்ரிப்டிலினுக்கு இந்தக் குடும்பக் குணம் இன்னும் வலுவாக இருந்தது. மூளையில் ஹிஸ்டமினின் ஒரு வகை ஏற்பியை அடைத்தால் தூக்கம் வரும், பசி மிகும். சளிக்கு மாத்திரை போட்டுவிட்டுப் பட்டப்பகலில் கண் சொக்கியவர்களுக்கு இதன் முதற்பாதி நன்றாகவே தெரியும். மனச்சோர்வில் உறங்காமல், உண்ணாமல் கிடந்தவருக்கு இரண்டுமே வரம். மருத்துவர் கண்ணுக்கு, மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கான சான்று. மருந்தின் எந்தக் கை மனத்தைத் தொட்டது, எந்தக் கை வெறுமனே இரைப்பையைத் தட்டியது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்க்க முடியாதபடி அளவுகோலும் அமைந்தது. 1960இல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் ஹாமில்டன் மனச்சோர்வை மதிப்பெண்ணால் அளக்கும் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த அரை நூற்றாண்டு உலகின் மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலானவை இந்தக் கோலால் அளக்கப்பட்டன. அதில் எண்ணப்படும் 17 கூறுகளில் தூக்கமின்மைக்கு மூன்று. பசி குறைவுக்கு ஒன்று. எடை குறைவுக்கு ஒன்று. மொத்தம் 52 மதிப்பெண்களில் 10 இந்த ஐந்துக்கும் உரியவை. ஒரு மாத்திரை வேறெதுவும் செய்யாமல் தூங்கவைத்து, பசியெடுக்கவைத்து, எடை கூட்டினால்கூட இப்பட்டியலில் நோயாளி கொஞ்சம் தேறிவிடுவார். எடை கூடியதைக் குறிக்கவோ, அதனால் அவர் கண்ணாடி முன் நிற்க மறுப்பதைக் குறிக்கவோ அதில் கட்டமே இல்லை. ஹாமில்டனைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. அவர் கண்முன் இருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, இளைத்து ஒடுங்கிய நோயாளிகள். அந்தச் சித்திரத்துக்கு அவர் கோல் பொருத்தமே. அந்தச் சித்திரத்துக்குள் அடங்காத மனச்சோர்வும் உண்டு என்று 1959இலேயே லண்டனில் வெஸ்ட், டாலி என்ற இருவர் எழுதினார்கள். அதற்கு 'வழக்கத்துக்கு மாறானது' என்ற அடைமொழி கிடைத்தது. வழக்கம் எது என்பதை முன்பே முடிவுசெய்தாகிவிட்டது.

நோயாளிகளின் குறை ஆய்விதழ்களில் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது எழுபதுகளில். 1973இல் யூஜின் பேகலும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அமிட்ரிப்டிலின், எடை, மாவுப்பொருள் மீதான வேட்கை மூன்றும் இருந்தன. 'ஒரு பக்கவிளைவு' என்ற தீர்ப்பும் இருந்தது. ஏற்கெனவே மனச்சோர்வு தணிந்த பெண்களில், மருந்தைத் தொடர்ந்தவர்களையும் மருந்து நிறுத்தப்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு அது. தேறியதால் வந்த எடையென்றால் இரு சாராருக்கும் வந்திருக்க வேண்டுமல்லவா? சென்னையில் 1959இல் அவிழ்ந்த முடிச்சு இங்கே இப்போதுதான் தளர்ந்தது. 1984இல் வெளியான இன்னோர் ஆய்வு, இவ்வகை மருந்துகளை உண்டவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 1.3 முதல் 2.9 பவுண்டு வரை ஏறியதைக் கணக்கிட்டது. மருந்தை நிறுத்தியவர்கள் பலர் எடையைக் காரணமாகச் சொன்னார்கள். மனம் இலேசாகி, சட்டை இறுகிப்போன அந்த நிலையில் ஒருவர் எதைத் தேர்ந்துகொள்வார் என்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று. மருந்தைத் தாமாக ஒரேயடியாக நிறுத்துவதில் உள்ள ஆபத்து வேறு.

இந்தச் சலிப்பின் மீதுதான் ப்ரோஸாக் வந்திறங்கியது. மெலியவும் மகிழவும் ஒரே மாத்திரை என்ற கனவு புதிதன்று; முப்பதுகளிலிருந்து ஆம்ஃபெடமின் இரண்டுக்குமாக அமெரிக்காவில் விற்கப்பட்டு, பலரை அடிமைப்படுத்திவிட்டிருந்தது. இண்டியானாபொலிஸின் இலை லில்லி நிறுவனத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் உருவான ஃப்ளுவோக்ஸெட்டின் ஹிஸ்டமினை ஏறக்குறைய தொடுவதில்லை. 1987 டிசம்பரில் அனுமதி பெற்று ப்ரோஸாக் ஆயிற்று. உண்டவர்களில் சிலர் முதல் வாரங்களில் இளைத்தார்கள். அவ்வளவுதான், கனவு மீண்டும் எழுந்தது. உடற்பருமனுக்கே மருந்தாக்கலாம் என்று நிறுவனம் கூடுதல் அளவில் சோதித்தது. ஓராண்டுச் சோதனையில் முதலில் இறங்கிய எடை, ஆண்டு முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டது. பருமனுக்கான மருந்தாக அது அங்கீகாரம் பெறவேயில்லை. 1999இல் வெளியான ஓராண்டு ஆய்வில், முதல் நான்கு வாரங்களில் சிறிய எடையிழப்பும், பிறகு வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு நிகரான எடையேற்றமும் தெரிந்தன. இம்முறை அது உண்மையிலேயே தேறியதன் எடையாக இருந்திருக்கலாம்! முடிச்சு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இதுவே போதும்.

ஒரே குடும்பத்து மருந்துகளும் ஒன்றுபோல் நடக்கவில்லை. 2000இல் மௌரிஸியோ ஃபாவா குழுவினர் மூன்று மருந்துகளை ஏழெட்டு மாதங்கள் வரை ஒப்பிட்டார்கள். எடை 7 விழுக்காட்டுக்கு மேல் கூடியவர்கள் பாராக்ஸெட்டினில் 25.5 விழுக்காடு, ஃப்ளுவோக்ஸெட்டினில் 6.8, செர்ட்ரலினில் 4.2. அனுமதிக்கான சோதனைகள் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு வாரங்களில் முடிந்துவிடும். அந்தக் கண்ணாடியில் இந்த வேறுபாடு தென்படாது.

எதிர்த்திசையில் போன மருந்து ஒன்றும் உண்டு. பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் நரிமன் மேத்தா 1969இல் உருவாக்கிய பியூப்ரோபியன், 1985இல் அனுமதி பெற்று மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அளவின்றி உண்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோயாளிகளிடம் சோதித்தபோது சிலருக்கு வலிப்பு வந்ததே காரணம். உடல் எடையைப் பற்றிய அச்சத்தால் வதைபட்டவர்களிடமே அந்த ஆபத்து வெளிப்பட்டது. அளவைக் குறைத்து 1989இல் மீண்டும் வந்தது. 2014இல், நால்ட்ரெக்ஸோன் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, அமெரிக்காவில் எடை குறைப்பு மாத்திரையாகவே அனுமதி பெற்றது. மறுபுறம், ஹிஸ்டமினை வலுவாகத் தடுக்கும் மிர்டஸபினை, பசியற்று இளைத்துப்போன முதியவர்களுக்கு மருத்துவர்கள் அதன் பக்கவிளைவுக்காகவே தேர்ந்து எழுதுவதுண்டு. ஒருவரின் குறை இன்னொருவருக்கு மருந்து.

நெடுங்காலக் கணக்கு வந்தது அண்மையில்தான். 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பொது மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்து ஏறத்தாழ 2,95,000 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. மனச்சோர்வு மருந்து எழுதப்பட்டவர்களுக்கு எடை 5 விழுக்காடு கூடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 21 விழுக்காடு அதிகம். மிர்டஸபினுக்கு 50 விழுக்காடு. எடையேற்றம் மிகுந்திருந்தது சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். மருந்து உண்டவர்கள் முன்பே வேறு வகையில் மாறுபட்டவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் பழி முழுவதையும் மருந்தின் மேல் சுமத்த இத்தகைய ஆய்வு போதாது. ஆனாலும், எட்டு வாரத்தில் மூடிவிடும் சோதனைகள் எதைக் காணத் தவறின என்பது தெரிகிறது.

2024இல் அமெரிக்காவில் 1,83,118 பேரின் பதிவுகளைக் கொண்டு எட்டு மருந்துகளை ஒப்பிட்டவர்கள், ஆறு மாத முடிவில் வேறுபாடுகள் சராசரியில் மிகச் சிறியவை என்று கண்டார்கள். செர்ட்ரலினோடு ஒப்பிட எஸ்சிடாலோபிராம் உண்டவர்களுக்கு 0.41 கிலோ கூடுதல். பியூப்ரோபியன் உண்டவர்களுக்கு 0.22 கிலோ குறைவு. சராசரி அரைக் கிலோவுக்குள் அடங்கும்போது, பத்துக் கிலோ ஏறியவரும் இரண்டு கிலோ இறங்கியவரும் அதற்குள் மறைந்துபோகிறார்கள். அதே ஆய்வில், ஆறாம் மாதத்தில் மருந்தைத் தொடர்ந்துகொண்டிருந்தவர்கள் மருந்துக்கு மருந்து 28 முதல் 41 விழுக்காடு வரை மட்டுமே. அந்த 41 பியூப்ரோபியனுக்கு உரியது.