அக்குபங்சர்

பெயர்ச்சொல். உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகிச் செய்யும் சீன மருத்துவ முறை. தமிழில் குத்தூசி மருத்துவம் என்றும் சொல்வர்.

சொற்பிறப்பு: லத்தீனில் ‘ஆக்குஸ்’ ஊசி, ‘புங்க்தூரா’ குத்துதல். ஜப்பானில் பணியாற்றிய டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைனே, 1683-இல் லண்டனில் வெளியான தம் லத்தீன் நூலில் இச்சொல்லைக் கையாண்டார். சீனப் பெயர் ‘ஜென்ஜியூ’: ‘ஜென்’ ஊசி, ‘ஜியூ’ மூலிகைச் சூடு. மாசிபத்திரி இனச் செடியின் உலர்ந்த இலைப்பஞ்சைக் கொளுத்திப் புள்ளிகளுக்குச் சூடு தருவார்கள். ஐரோப்பியர் வைத்த பெயரில் அந்தப் பாதி விடுபட்டுவிட்டது.

செயல்: ‘சீ’ என்னும் உயிராற்றலின் ஓட்டத்தை ஊசி சீராக்குகிறது என்பது மரபு விளக்கம். ஊசி நரம்புகளைத் தூண்ட, எண்டார்ஃபின் போன்ற வலி தணிக்கும் பொருள்கள் உடலில் சுரக்கின்றன என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் விளக்கம்.

பயன்: நாள்பட்ட முதுகுவலி, முழங்கால் மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலுக்கு ‘நெய்குவான்’ புள்ளியைத் தூண்டுவார்கள். அது உள்மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரல் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே உள்ளது. வலி தணிப்பதில் அக்குபங்சர் நல்ல துணை. தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் உரிய மருந்தை இதற்காக நிறுத்தவே கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படும் தூய ஊசியையே கேட்டு வாங்க வேண்டும்.