எண்ணெய் நாட்டில் பெற்றோல் கியூ

1956இல் நைஜர் கழிமுகத்திலுள்ள ஒலோய்பிரி என்ற ஊரில் ஷெல்-பிபி எண்ணெயைக் கண்டது. 1958இல் ஏற்றுமதி தொடங்கிவிட்டது. நைஜீரியாவுக்குச் சுதந்திரம் 1960இல்தான். எண்ணெய் வெளியே போகும் வழி நாடு பிறக்க முன்னமே போட்டாயிற்று. ஒலோய்பிரிக் கிணறுகளை 1978இல் கைவிட்டார்கள்.

போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனாவில் அரசு சுத்திகரிப்பு ஆலைகள் கட்டியது. பராமரிப்பில்லாமல் அவை படுத்துவிட, மசகெண்ணெயை விற்ற நாடு பெற்றோலை வெளியில் வாங்கியது. கரண்ட் கதையும் அதுதான். 'நெப்பா' என்ற மின்சார சபையின் பெயருக்குச் சனம் சொன்ன விரிவு, 'எப்பவும் கரண்டை எதிர்பார்க்காதே'! கழிமுகத்தில் எரிவாயு இரவுபகலாய் வீணே எரிய, வீடுகளில் ஜெனரேற்றர் இரைந்தது. அதுக்கும் பெற்றோல்தானே வேணும்.

2012 ஜனவரி 1, அரசு மானியத்தை நிறுத்தியது. 65 நைராவுக்கு விற்ற லீற்றர் 141 ஆனது. தெருவுக்கு வந்தவர்களை 'மானியத்துக்குப் பழகின சனம்' என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. மானியத்தின் பேரில் பெருங்களவு நடந்தது உண்மை. ஆனால் அந்த எண்ணெயில் ஏழைகளின் கைக்கு நேரே வந்த பங்கு என்றால் அந்த மலிவு விலைதான். ஆலைகளையும் கரண்டையும் சரிசெய்யாமல் அதை முதலில் பறித்தார்கள். ஒரு கிழமை வேலைநிறுத்தத்தின் பின் விலை 97க்கு இறங்கியது.

2023 மே 29, சனாதிபதி டினுபு பதவியேற்ற உரையிலேயே மானியம் போய்விட்டது என்றார். உடனேயே பெற்றோல் செட்டுகளில் கியூ நீண்டது.